மார்க்குக்கு மானியம் கொடுத்த காலம்



ஏப்ரல், மே வந்துவிட்டால் நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே பேச்சுதான். பேரப்பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், எங்கே ‘ரிசல்ட்’ நன்றாக இருக்கிறது? எல்.கே.ஜி.யில் சேரப்போகும் பிள்ளைக்குக்கூடப் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் பார்த்துத்தான் பள்ளி தேடுகிறோம். நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியைப் பற்றி யாராவது கேட்டால், ‘அங்கே படிப்பு சரியில்லையாம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். சரியில்லை என்று அளந்தது யார், எதைக்கொண்டு அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சின்னப் பிள்ளைகளின் படிப்பை அரசாங்கம் தேர்வு வைத்து அளக்கத் தொடங்கி நம் பக்கத்தில் ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஆகின்றன. அதில் சுமார் நாற்பது ஆண்டுகள், பிள்ளை எத்தனை பாடத்தில் தேறியதோ அந்தக் கணக்குக்கு ஏற்பவே பள்ளிக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தக் கதை இப்போது அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று இன்று நடக்கும் வாதத்துக்கு அந்தப் பழைய கணக்குப் புத்தகத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

திண்ணையில் நடந்த தேர்வு

அரசாங்கத் தேர்வு வருவதற்கு முன்பும் தேர்வு இருந்தது. 1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று கணக்கு வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை நாம் திண்ணைப் பள்ளி என்று சொல்பவை.

அங்கே மணலில் எழுத்து, பிறகு ஓலை. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று வாய்ப்பாடுகள் எல்லாம் மனப்பாடம். வாத்தியாருக்கு நெல்லும் சிறு காசும் பண்டிகைக்கால வரும்படியும் பெற்றோர் கொடுத்தார்கள். அதனால் தேர்வு நடத்துபவர்களும் அவர்களே. பையன் ஒரு கடிதம் வாசிக்கிறானா, ஒரு சீட்டு எழுதுகிறானா, கோட்டை, மரக்கால், நாழிக் கணக்கைத் தப்பில்லாமல் சொல்கிறானா? நம் கோட்டாறு பழைய வியாபார ஊர். கிரேக்க எழுத்தாளர் தாலமி இரண்டாம் நூற்றாண்டில் குறிப்பிடும் ‘கொட்டியாரா’ இதுதான் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பையன் கற்ற கணக்கைக் கம்போளத்துக் கடையில் உட்கார வைத்தாலே சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

இதை ஒரு பொற்காலமாகச் சொல்ல வரவில்லை. திண்ணைப் பள்ளியில் பெண் பிள்ளைகள் மிக மிகக் குறைவு. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏறவே இடம் இல்லை. பிரம்படியும் தாராளம். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்தவர்கள் தினமும் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறவர்கள்.

இந்தத் திண்ணைப் பள்ளி முறை கடல் தாண்டியும் போனது. 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் பார்த்து, அதைத் தம் பள்ளியில் செய்து பார்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே பரவியது. நாம் ஒரு முறையை அனுப்பினோம். அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து அங்கிருந்து வேறொரு முறை இங்கே வந்து சேர்ந்தது.

லண்டனில் பிறந்த விதி

1850-களில் இங்கிலாந்தில் பள்ளிகளுக்கான அரசு மானியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. கொடுக்கும் பணத்துக்குப் பலன் உண்டா என்று பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ 1862-இல் ஒரு புது விதி கொண்டுவந்தார். ‘பலனுக்கு ஏற்ற பணம்’ என்பது அதன் சாரம். திட்டம் ஒன்று மலிவாக இருக்கும், இல்லாவிட்டால் பலன் தரும் என்பது அவருடைய வாதம்.

ஒரு வணிகவியல் பட்டதாரிக்கு இந்த விதியைப் படிக்கும்போது ஒரு மரியாதையே வரும். அவ்வளவு சுத்தமான கணக்கு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, குறிப்பிட்ட நாட்கள் பள்ளிக்கு வந்திருந்தால், வருடம் ஒருமுறை வரும் இன்ஸ்பெக்டர் முன்னால் தேர்வுக்கு நிற்கலாம். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பாடம். மூன்றிலும் தேறினால் பள்ளிக்கு 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். 2 ஷில்லிங் 8 பென்ஸை மூன்றால் பெருக்கினால் சரியாக 8 ஷில்லிங். டாலி ஆகிவிடுகிறது. வருகைப்பதிவுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு தொகை.

லோ சொன்னதில் ஒரு பாதி உடனே பலித்தது. 1861-இல் 8 லட்சம் பவுனுக்கு மேல் இருந்த மானியம் 1865-இல் ஆறரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. மலிவு வந்துவிட்டது.

பலன்? அதைச் சொல்ல ஒரு நல்ல சாட்சி இருக்கிறார். புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் மேத்யூ அர்னால்ட், பிழைப்புக்காக 35 ஆண்டுகள் பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். புது விதி வந்தபிறகு பள்ளிகளில் உயிர் குறைந்துவிட்டது என்று 1867 அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதினார். ஒரு வகுப்புக்கு ஒரு வாசிப்புப் புத்தகம் என்று இருக்கும்போது, வருடம் முழுவதும் அந்த ஒரே புத்தகத்தை உருப்போட்டால் போதும். இன்ஸ்பெக்டர் முன்னால் பிள்ளை தடையில்லாமல் ‘வாசிக்கும்’, வேறொரு தாளைக் கையில் கொடுத்தால் வாசிக்காது. பதிவேட்டில் அந்தப் பிள்ளை ‘தேர்ச்சி’, பள்ளிக்குப் பணமும் வந்துவிட்டது. வரலாறு, பூகோளம், பாட்டு போன்ற பணம் கிடைக்காத பாடங்கள் எல்லாம் ஓரத்துக்குப் போயின.

1890-களில் இங்கிலாந்து அந்த விதியைக் கைவிட்டது. ஆனால் அதற்குள் அது நம் மாகாணத்துக்குக் கப்பல் ஏறி வந்திருந்தது.

மாகாணத்தின் ‘ரிசல்ட்’ பள்ளிகள்

1860-களின் நடுவில் சென்னை மாகாண அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கான மானியத்தில் இதே முறையைப் புகுத்தியது. இன்ஸ்பெக்டர் அல்லது டெப்டி இன்ஸ்பெக்டர் வருடம் ஒருமுறை வருவார். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் தயாராக இருக்கும். எந்த வகுப்புப் பிள்ளை எந்தப் பாடத்தில் தேறியது என்று குறித்து, தலைக்கு இவ்வளவு என்று மானியம் கணக்கிடப்படும். இப்படி மானியம் வாங்கியவற்றுக்கு ‘ரிசல்ட்’ பள்ளி என்றே பெயர். பிறகு, கொஞ்சம் நிலையான சம்பளமும் மீதி ரிசல்ட் பணமுமாகச் சேர்த்துக் கொடுக்கும் கலப்பு முறையும் வந்தது. பள்ளி என்று பேசும்போது நாம் இன்று வாயெடுத்தாலே சொல்லும் ‘ரிசல்ட்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு வயது.

இதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசிடம் பணமும் ஆளும் குறைவு. ஊர் ஊராகப் புதுப் பள்ளி கட்ட முடியாது. ஏற்கெனவே நடக்கும் திண்ணைப் பள்ளிகளைப் பார்த்து, ‘நாங்கள் சொல்லும் பாடத்தில் பிள்ளைகளைத் தேர்ச்சியாக்குங்கள், காசு தருகிறோம்’ என்று சொன்னால், ஏராளமான பள்ளிகள் ஒரே வீச்சில் அரசின் கணக்குக்குள் வந்துவிடும். அப்படித்தான் அச்சிட்ட புத்தகமும் வகுப்புப் பிரிவும் வருகைப்பதிவும் பல கிராமத் திண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1882-இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கமிஷனும், கல்லூரிகளுக்கு இந்த முறை வேண்டாம், ஆரம்பப் பள்ளிகளுக்கு இருக்கட்டும் என்றுதான் பரிந்துரைத்தது.

இப்போது வாத்தியார் பக்கத்திலிருந்து யோசியுங்கள். அவருடைய வருமானத்தின் ஒரு பகுதி வருடத்தில் ஒரே ஒரு நாளில் தீர்மானமாகிறது. அன்றைக்கு ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்தத் தலைக்குரிய தொகை இல்லை. அறுவடைக்கு அப்பா கூட்டிக்கொண்டு போய்விட்டாலும் அப்படியே. தானாகவே படித்துவிடும் பிள்ளைக்கு அதிகம் பாடுபட வேண்டாம், அந்தப் பணம் எப்படியும் வரும். எப்படியும் தேறாத பிள்ளைக்குப் பாடுபட்டுப் பயனில்லை, அந்தப் பணம் வராது. மிச்சம் இருப்பது நடுவில் நிற்கும் நாலைந்து பேர். அவர்களை உருப்போட வைத்தால் ஏதோ தேறும். இதற்கு வாத்தியார் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. அரிசி வாங்க வேண்டியவராக இருந்தால் போதும்.

கடைசியில் இந்திய அரசே இதை விட்டது. கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1904 மார்ச் 11-ஆம் தேதி வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானம், ஆரம்பப் பள்ளிகளுக்கு ரிசல்ட் பார்த்துப் பணம் கொடுக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. கர்சனை நாம் வங்கப் பிரிவினைக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். இந்த ஒரு காரியத்தில் அவருக்கு ஒரு வரவு வைக்கலாம்.

கணவாய்க்கு இந்தப் பக்கம்

சென்னை மாகாண விதி ஆரல்வாய்மொழிக் கணவாயோடு நின்றது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். இங்கே கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய், மக்களுக்குக் கல்வி கொடுக்கும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஒரு கட்டளை பிறப்பித்தார். அதற்கும் சில ஆண்டுகள் முன்பே மயிலாடியில் ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கியிருந்தார். 1818-இல் நாகர்கோவிலில் சார்லஸ் மீட் பணி தொடங்கினார். திண்ணையில் ஏற முடியாத சாதிப் பிள்ளைகளும், பெண் பிள்ளைகளும் எழுத்தைத் தொட்டது இந்தப் பள்ளிகளில்தான். அரசுப் பள்ளிகளின் கதவு எல்லாருக்கும் திறக்க இன்னும் பல பத்தாண்டுகளும், அய்யன்காளி போன்றவர்களின் போராட்டமும் தேவைப்பட்டன.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 92 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இந்த முதலிடத்தை எந்தத் தேர்வும் வாங்கிக் கொடுக்கவில்லை. யார் யாரைப் பள்ளிக்குள் விட்டார்கள், வந்த பிள்ளைக்கு யார் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதில் வந்தது.

சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவரை நாம் அனைவரும் அறிவோம். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, நம் கோட்டாறு ஆரம்பப் பள்ளி, நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலை, திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரி ஆகியவற்றில் 36 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். பசுவையும் கன்றையும் கிளியையும் பற்றி அவர் எழுதிய குழந்தைப் பாட்டுகளை நம்மில் பலரும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பாடியிருக்கிறோம். மேத்யூ அர்னால்ட் ஒரு கவிஞர், நம் கவிமணியும் ஒரு கவிஞர். இருவரும் ஆரம்பப் பள்ளியை உள்ளே இருந்து பார்த்தவர்கள். லோவின் பட்டியலில் பாட்டுக்குக் காசு இல்லை. சின்னப் பிள்ளை மொழியைப் பாட்டில்தான் பிடித்துக்கொள்கிறது என்பது வகுப்பறையில் நிற்பவருக்குத் தெரியும்.

வங்கிக்காரருக்குத் தெரிந்த கதை

வங்கியில் இருந்தவர்களுக்கு இந்த ரிசல்ட் மானியக் கதை புதிது அல்ல. மார்ச் 31-க்கு டெபாசிட் இலக்கு வைப்பார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு கிளையில், மார்ச் 30-ஆம் தேதி பெரிய தொகைகள் உள்ளே வரும். ஏப்ரல் 2-ஆம் தேதி அதே தொகைகள் வெளியே போகும். இருப்புநிலைக் குறிப்பில் கிளை வளர்ந்திருக்கும். கல்லாவில் வளர்ச்சி இருக்காது. இதற்கு ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ என்று பெயர். கடைக் கண்ணாடியை அலங்கரிப்பது. மாறாக, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு அதிகாரி வந்து கேஷ் எண்ணிப் பார்த்தால் உள்ள இருப்பு உள்ளபடி தெரியும். இரண்டுமே அளவெடுப்புதான். ஒன்று இலக்கோடு கட்டப்பட்டது. மற்றது உண்மையைத் தெரிந்துகொள்ள மட்டும்.

இந்த வேறுபாட்டை ஒரு விதியாகச் சொன்னவரும் ஒரு வங்கிக்காரர்தான். இங்கிலாந்தின் மத்திய வங்கியில் ஆலோசகராக இருந்த சார்லஸ் குட்ஹார்ட், 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது சொன்ன கருத்து இது: ஒரு அளவை இலக்காக்கி அதைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால், அதுவரை அது காட்டிவந்த தொடர்பு குலைந்துவிடும். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் இதையே பள்ளித் தேர்வுகளை உதாரணம் காட்டிச் சொன்னார்.

அமெரிக்காவில் அது நடந்தும் காட்டியது. 2002-இல் கையெழுத்தான ஒரு சட்டம், தேர்வு மதிப்பெண் உயராத பள்ளிகளுக்குத் தண்டனை வைத்தது. அட்லாண்டா நகரப் பள்ளிகளின் மதிப்பெண்கள் வியக்கும்படி உயர்ந்தன. 2011-இல் ஜார்ஜியா மாநில அரசின் விசாரணை, 44 பள்ளிகளில் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தியதிலோ அதற்குத் துணைபோனதிலோ பங்குகொண்டதாகச் சொன்னது. சிலர் சிறைத் தண்டனையும் பெற்றார்கள். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தில், அரசு நடத்திய பள்ளித் தேர்வின் அதே கேள்விகளைப் பிறகு வெளியாட்கள் அதே பிள்ளைகளிடம் கேட்டபோது, பதிவேட்டில் இருந்த மதிப்பெண் பெரிதும் இறங்கியது. பொருளாதார ஆய்வாளர் அபிஜித் சிங் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

எதிர்ப்பக்க ஆதாரத்தையும் மறைக்கக் கூடாது. 2005 முதல் ஆந்திரப் பிரதேசக் கிராமப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒரு பரிசோதனை செய்தார்கள். பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் கூடினால், கூடிய ஒவ்வொரு சதவீதப் புள்ளிக்கும் ஆசிரியருக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்ற பள்ளிப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் அங்கே தேர்வு நடத்தியது வெளியாட்கள். உருப்போட்டால் மட்டும் விடை எழுத முடியாத கேள்விகளும் கலந்திருந்தன. பின்தங்கிய பிள்ளை முன்னேறினாலும் கணக்கில் சேரும் என்பதால், ‘எப்படியும் தேறாத’ பிள்ளையும் ஆசிரியர் கண்ணில் பட்டது. லோவின் விதியில் இல்லாத காவல்கள் இவை. இத்தனை காவலோடு ஒரு சில நூறு பள்ளிகளில் தேர்வு நடத்துவது வேறு, ஒரு மாநிலம் முழுவதும் அதே கண்டிப்போடு நடத்துவது வேறு.

ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு

நம் காலத்துக்கு வருவோம். 2009-இல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019-இல் மத்திய அரசு அதைத் திருத்தி, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. நம் ஊரில் அப்போது பெற்றோர் பட்ட பதற்றத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு டியூஷன் தேடினார்கள். எதிர்ப்பு வலுத்து, 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி அந்த அறிவிப்பு ரத்தானது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் நேரடிப் பள்ளிகளில் ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி கட்டாயம், தவறினால் இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தவறினால் அதே வகுப்பு என்று விதி செய்தது. எட்டாம் வகுப்புவரை தேர்ச்சி என்ற முறையே இங்கே தொடரும் என்று தமிழ்நாடு சொல்லிவிட்டது.

‘எல்லாரும் பாஸ் என்றால் யார் படிப்பார்கள்?’ என்று நம் குடியிருப்பிலேயே பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 1862-இன் விதி பள்ளியின் பணத்தைத் தேர்வோடு கட்டியது. ஐந்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பிள்ளையின் ஒரு வருடத்தையே தேர்வோடு கட்டுகிறது. கட்டப்படும் இடம் மாறினாலும் விளைவு ஒரே மாதிரிதான். தேர்வுக்கு வரும் பாடம் மட்டும் பாடமாகிவிடும். இரண்டாம் வகுப்பிலேயே வாசிக்கத் தடுமாறிய பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் கண்டுபிடித்து நிறுத்துவது, மூன்று ஆண்டுகள் வட்டி ஏறவிட்டு மொத்தமாக வசூலுக்குப் போவது போல. அதற்குள் அந்தக் கடன் வாராக்கடன் ஆகியிருக்கும். நின்றுபோகும் பிள்ளைகள் யார் என்றும் யோசிக்க வேண்டும். டியூஷனுக்குப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான்.

கேஷ் எண்ணிப் பார்ப்பது போன்ற தேர்வு

அப்படியென்றால் அளக்கவே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். எண்ணாத கல்லாவை நம்ப முடியாது.

2005 முதல் ‘பிரதம்’ அமைப்பு நடத்தும் ‘அசர்’ கணக்கெடுப்பு அப்படி ஒன்று. தன்னார்வலர்கள் கிராமங்களில் வீட்டுக்கே போகிறார்கள். எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, ஒரு சிறு கதை என்று ஒரு தாளைக் கொடுத்துப் பிள்ளையைத் தனியாக வாசிக்கச் சொல்கிறார்கள். கணக்கில் எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். சில நிமிட வேலை. பிள்ளைக்குப் பாஸ் பெயில் இல்லை, ஆசிரியருக்கு வெகுமதி இல்லை. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் 100-க்குச் சுமார் 10 பேர். கொரோனாவுக்குப் பின் 2022-இல் 5 பேருக்கும் கீழே. கசப்பான எண். ஆனால் அலங்கரிக்க யாருக்கும் காரணம் இல்லாத எண்.

எண்ணை எப்போது எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021 நவம்பர் 12-ஆம் தேதி நடந்த தேசிய அடைவுத் தேர்வில் தமிழ்நாட்டின் ஆரம்ப வகுப்புகள் தேசிய சராசரிக்குக் கீழே இருந்தன என்று பெரிதாகப் பேசப்பட்டது. இங்கே ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்து திறந்தது அந்த நவம்பர் 1-ஆம் தேதி. பதினோரு நாளில் தேர்வு.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிறது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வீட்டிலேயே சோதித்தார்கள். கொரோனாவுக்கு முன் அதே ஊர்களில் எடுத்த அளவோடு ஒப்பிட்டபோது, 2021 டிசம்பரில் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறத்தாழ கால் பங்குக்குக் காரணம், 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’. ஊருக்குள்ளேயே இருக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் படித்த பெண்கள், சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் தேர்வு உண்டு. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்த நிலைக்கு ஏற்பப் பாடம். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் அரும்பு நிலையில் இருந்தால் அங்கிருந்து தொடங்குவார்கள். தேர்வின் முடிவு ஆசிரியருக்கு அடுத்த நாள் வேலையைச் சொல்கிறது. நடைமுறையில் பதிவேற்றும் வேலை அதிகம், பாட நேரம் குறைகிறது என்று ஆசிரியர்கள் குறைப்படுவதும் உண்டு. அதையும் கேட்கத்தான் வேண்டும். அளவெடுப்பே முழுநேர வேலையாகிவிட்டால் மறுபடியும் டெப்டி இன்ஸ்பெக்டர் காலம்தான்.

நாம் செய்யக்கூடியது

இதையெல்லாம் படித்துவிட்டு நமக்கென்ன என்று கேட்கலாம். மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, தொடக்கப் பள்ளி பார்க்கப் போகும்போது ரிசல்ட் சதவீதம் கேட்காதீர்கள். ‘இரண்டாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் இருக்கும் பள்ளி நல்ல பள்ளி, அது அரசுப் பள்ளியாக இருந்தாலும் சரி, கட்டணப் பள்ளியாக இருந்தாலும் சரி. பதிலுக்குப் பதில் ‘அப்படிப்பட்ட பிள்ளைகளை நாங்கள் எடுப்பதில்லை’ என்று வந்தால், அந்தப் பள்ளியின் ரிசல்ட் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் பிள்ளை, பேரப்பிள்ளைக்கு நீங்களே இன்ஸ்பெக்டர் ஆகலாம். அது பார்த்திராத ஒரு சிறு கதைப் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் கதையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். தடுமாறினால் திட்ட வேண்டாம். எங்கே தடுமாறுகிறது என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து தினமும் பத்து நிமிடம்.

மூன்றாவது, நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆண்டு விழாவில் அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம். அது நடக்கட்டும். கூடவே, சனி, ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் நம் சமுதாயக் கூடத்தை வாசிப்புக்காகத் திறந்துவைக்கலாம். நம் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள். வங்கி, தபால், மின்வாரியம் என்று வேலை முடித்துவிட்டுப் பொழுது போகாமல் இருப்பவர்களும் இருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளோடு, காவலாளி அண்ணன் வீட்டுப் பிள்ளைகளும் நம் வீடுகளில் வேலைக்கு வரும் அக்காமார் வீட்டுப் பிள்ளைகளும் வரட்டும். அந்தப் பிள்ளைகள்தான் நாம் ‘சரியில்லை’ என்று சொல்லும் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே படிப்பு எப்படி என்று நாமே நேரில் தெரிந்துகொள்ளவும் அது வழி.

செலவு என்று பார்த்தால் பழைய கதைப் புத்தகங்கள் கொஞ்சம், ஒரு கரும்பலகை, இரண்டு பாய். வருகைப்பதிவு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். விருப்பம் உள்ளவர்கள் அதற்கு முன்பே சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்தால், எத்தனை பேர் தேறுவோம் என்று பார்த்து நாளும் நேரமும் முடிவு செய்யலாம்.